பழைய சிடி பிளேயர் சத்தம் இன்னைக்கும் ஏன் நல்லாயிருக்கு, அதை அப்படியே காப்பாத்தறது எப்படி: முழுமையான வழிகாட்டி

30 வருஷம், 35 வருஷம் ஆன சிடி பிளேயர்லாம் இன்னும் அருமையா பாடிட்டு இருக்கு. நிறைய பேர் அதைக் கேட்டுட்டு "அந்தக் காலத்து சரக்கே வேற"ன்னு சொல்லிட்டு விட்டுடறாங்க, ஏன் நல்லாயிருக்கு, அதுல எது பழசாகும் எது ஆகாதுங்கறதைப் புரிஞ்சுக்கிட்டா அந்த பிளேயரை இன்னும் பல வருஷம் ஓட்டலாம். புரியாம ஸ்க்ரூடிரைவரைத் தூக்கினா நல்லா இருந்ததும் கெட்டுப்போகும். அதனால முதல்ல கொஞ்சம் விஷயம், அப்புறம் ஒவ்வொரு படியா வேலை.

எது பழசாகும், எது ஆகாது

சிடில இருக்கறது நம்பர்தான். ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 16 பிட், ரெண்டு சேனல். லேசர் அதைப் படிக்குது, எரர் கரெக்‌ஷன் சர்க்யூட் தப்பைத் திருத்துது, டாக் சிப் அதை வோல்டேஜா மாத்துது. கேசட் ஹெட் தேயறப்போ சத்தம் மங்கும் இல்லையா, அந்த மாதிரி இங்க நடக்காது. லேசர் 30 வயசானாலும் டிஸ்க்கைப் படிக்க முடியற வரைக்கும் வர்ற நம்பர் புதுசுல வந்த அதே நம்பர்தான். டாக் சிப்பும் சிலிக்கான், ரொம்ப சூடாகாத வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும்.

பழசாகறது ரெண்டு இடத்துல. ஒண்ணு படிக்கற பக்கம்: லென்ஸ்ல தூசி, காஞ்சுபோன கிரீஸ், தேஞ்ச மோட்டர், பலவீனமான லேசர், இறுகிப்போன பெல்ட். இன்னொண்ணு மின்சாரப் பக்கம்: பவர் சப்ளைலயும் அவுட்புட்லயும் இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், வெடிச்ச சால்டர், ஆக்ஸிடைஸ் ஆன ரிலே (மின்சாரத்தால திறந்து மூடற ஸ்விட்ச்).

இதுல இருந்தே எந்தப் பக்கம் பிரச்சனைன்னு காதாலயே கண்டுபிடிச்சிடலாம். பாட்டு தாவுது, "டிக் டிக்"னு வருது, டிஸ்க்கே இல்லைன்னு காட்டுதுன்னா படிக்கற பக்கம். பேஸ் மெலிஞ்சுபோச்சு, ஹம் வருது, ஒரு சேனல் மட்டும் சின்னதா கேக்குதுன்னா மின்சாரப் பக்கம். "லேசர் வீக் ஆனதால சத்தம் டல்லாயிடுச்சு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, லேசர் வீக் ஆனா டல் ஆகாது, தாவும். இந்த ஒரு பிரிவினையை மனசுல வச்சுக்கிட்டா கீழ வர்ற எல்லாப் படியும் சுலபமா புரியும்.

பழைய பிளேயர் எல்லாம் ஒரே மாதிரி இல்ல

முதல் பிளேயர் சோனி சிடிபி-101, 1982 அக்டோபர்ல ஜப்பான்ல வந்துச்சு. அதுல ரெண்டு சேனலுக்கும் ஒரே டாக், மாத்தி மாத்தி வேலை செய்யும். ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிள் ரேட்டைப் பல மடங்காக்கறது) கிடையாது, அதனால 20 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல சட்டுனு வெட்டற அனலாக் ஃபில்டர் போட வேண்டியிருந்துச்சு. அந்த மாதிரி ஃபில்டர் மேல் ஸ்தாயில ஃபேஸை, அதாவது அலைகளோட நேர ஒழுங்கை, மாத்திவிடும். பிலிப்ஸ் வேற வழில போனாங்க. அவங்க கைல அப்போ இருந்தது 14 பிட் டாக், டிடிஏ1540. ஆனா சாம்பிள் ரேட்டை நாலு மடங்காக்கி 176.4 கிலோஹெர்ட்ஸ்க்குக் கொண்டுபோய், நாய்ஸ் ஷேப்பிங்கும் (இரைச்சலைக் காதுக்குக் கேக்காத பக்கம் தள்ளறது) சேர்த்து 16 பிட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாங்க. இதுல பெரிய லாபம் என்னன்னா அனலாக் ஃபில்டர் மென்மையா இருந்தா போதும். அந்த காலத்து பிலிப்ஸ், மராண்ட்ஸ் பிளேயர்களோட சத்தத்தை இன்னும் ஆளுங்க தேடறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம்னு நான் நம்பறேன்.

அப்புறம் 80கள் நடுவுல 16 பிட் டிடிஏ1541, அதுக்கு அடுத்து டிடிஏ1541ஏ. 80கள் கடைசில ஒரு பிட் டாக் வந்துச்சு, பிலிப்ஸ் அதை பிட்ஸ்ட்ரீம்னு சொன்னாங்க, டெக்னிக்ஸ் பிளேயர்ல மாஷ்னு எழுதியிருக்கும். இன்னொரு பக்கம் பர்-பிரவுன் கம்பெனியோட மல்டிபிட் சிப் போட்ட ஜப்பான் பிளேயர்கள். நல்லா பண்ணின பவர் சப்ளையும் அவுட்புட் ஸ்டேஜும் இருந்தா இதுல எதுவா இருந்தாலும் நல்லாவே கேக்கும். சிப் பேரை மட்டும் பாத்து மயங்க வேண்டாம்.

படி 1: எந்த பிளேயரை எடுக்கறது

சத்தத்தை விட முதல்ல பாக்க வேண்டியது மெக்கானிசம்தான், ஏன்னா டாக் சிப் சாகறது அபூர்வம், லேசர் யூனிட் செத்து ஸ்பேர் கிடைக்கலேன்னா பெட்டியே வீண். மாடல் பேரைத் தேடி அதுல என்ன லேசர் யூனிட் இருக்குன்னு முன்னாடியே பாத்துடுங்க. பிலிப்ஸோட ஸ்விங் ஆர்ம் மெக்கானிசம், அதாவது சிடிஎம்-1, சிடிஎம்-4 மாதிரி ஆளுங்க, ஒரு கை அரைவட்டமா ஆடி டிஸ்க்கைப் படிக்கும், ரெயிலோ பல்சக்கரமோ கிடையாது, அதனால தேயற பாகம் ரொம்பக் குறைவு, ஆரம்பகாலத்து யூனிட் பலதுல லென்ஸே கண்ணாடி. உழைப்புன்னு பாத்தா நான் இதைத்தான் முதல்ல சொல்வேன். ஆனா புது ஸ்பேர் தயாரிப்பு நின்னு ரொம்ப நாளாச்சு. சோனியோட கேஎஸ்எஸ்-213 வகை லேசர் எக்கச்சக்க பிளேயர்ல இருக்கு, மாத்து யூனிட் இன்னும் சுலபமா கிடைக்குது, தரம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

பயோனியர்ல ஸ்டேபிள் பிளாட்டர்னு ஒரு வகை உண்டு, டிஸ்க்கைக் கவுத்து லேபிள் கீழ வர்ற மாதிரி ஒரு தட்டு மேல வைக்கணும், லேசர் மேல இருந்து படிக்கும். டிஸ்க் ஆடவே ஆடாது, லென்ஸ் கீழ பாத்து இருக்கறதால தூசியும் படியாது. கிடைச்சா விடாதீங்க.

ரிமோட் கூட வருதான்னு கேளுங்க. சில மாடல்ல பாதி வசதி ரிமோட்ல மட்டும்தான் இருக்கும்.

படி 2: வாங்கறதுக்கு முன்னாடி டெஸ்ட்

பின்னாடி எழுதியிருக்கற வோல்டேஜைப் பாருங்க, இது எல்லாத்துக்கும் முதல். ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட், அமெரிக்க மாடல் 120 வோல்ட், அதை 230ல சொருகினா கதை முடிஞ்சுது.

அப்புறம் கீறல் இல்லாத, 70 நிமிஷத்துக்கு மேல ஓடற ஒரிஜினல் டிஸ்க் ஒண்ணு கொண்டுபோங்க. சிடி உள்ள இருந்து வெளிய படிக்கும். உள் பக்கத்துல நிமிஷத்துக்கு சுமார் 500 சுத்து, வெளி ஓரத்துல சுமார் 200. அதனால முதல் டிராக்தான் மோட்டருக்குக் கஷ்டமான இடம், ட்ராக் பட்டியலும் அங்கேதான் இருக்கு. டிஸ்க் போட்டதும் சில செகண்ட்ல மொத்த நேரம் காட்டணும், திணறித் திணறிக் காட்டுச்சுன்னா மோட்டரோ லென்ஸோ சரியில்ல. கடைசி டிராக் வேற டெஸ்ட், வெளி ஓரத்துலதான் டிஸ்க் அதிகமா மேல கீழ ஆடும், ஃபோகஸ் அங்க சோதனைக்கு வரும். முதல் டிராக்ல இருந்து நேரா கடைசிக்குத் தாவுங்க, திரும்ப முதலுக்கு வாங்க, இப்படி பல தடவை. ரெயில்ல கிரீஸ் காஞ்சிருந்தா இங்கதான் மாட்டும்.

சுருக்கமா போட்டுப் பாத்துட்டு வந்துடாதீங்க, ஒரு மணி நேரமாவது ஓட விடுங்க. சில பிளேயர் சூடானதும்தான் சண்டித்தனம் பண்ணும், சில பிளேயர் குளிர்ல மட்டும் பண்ணும், ரெண்டும் பெரும்பாலும் சால்டர் இல்லன்னா கெப்பாசிட்டர்.

திரும்பத் திரும்ப எழுதக்கூடிய டிஸ்க் படிக்கலேன்னா உடனே ஒதுக்காதீங்க. சிடி-ஆர்டபிள்யூ டிஸ்க் ஒளியைத் திருப்பி அனுப்பறது ரொம்பக் குறைவு, பழைய பிளேயருக்கு அதைப் படிக்கற மாதிரி டிசைனே கிடையாது. 80 நிமிஷ டிஸ்க்ல டிராக் நெருக்கமா இருக்கும், அதுல கடைசிப் பாட்டு திணறுனாலும் பிளேயரைக் குறை சொல்ல முடியாது.

படி 3: வீட்டுக்கு வந்ததும்

தூக்கிட்டு வந்த உடனே போடாதீங்க, குளிர்ந்த இடத்துல இருந்து வந்திருந்தா லென்ஸ் மேல ஈரம் படிஞ்சிருக்கும், ரெண்டு மூணு மணி நேரம் சும்மா வைங்க. அடில திருப்பிப் பாருங்க, சில மாடல்ல மெக்கானிசத்தை இறுக்கிப் பிடிக்கற டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ இருக்கும், ஓட்டறதுக்கு முன்னாடி அதை விடுவிக்கணும், திரும்ப எங்கயாவது தூக்கிட்டுப் போனா இறுக்கணும்.

படி 4: லென்ஸ்

தாவற பிளேயர்ல கணிசமானது இந்த ஒரு வேலையிலேயே சரியாயிடும், அதனால மத்ததுக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. பிளக்கைப் பிடுங்குங்க. சும்மா ஆஃப் பண்றது போதாது. உள்ள மெயின்ஸ் வயர் திறந்து இருக்கலாம். மூடியைக் கழட்டினா சில பிளேயர்ல லென்ஸ் நேரா தெரியும், சிலதுல டிஸ்க்கை மேல இருந்து அமுக்கிப் பிடிக்கற கிளாம்ப் பாலத்தைக் கழட்டணும். முதல்ல பல்ப் ப்ளோயரால தூசியை ஊதுங்க, வாயால ஊதாதீங்க எச்சில் படும். அப்புறம் சுத்தமான காட்டன் பட்ல 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் ஒரு துளி, சொட்டற அளவுக்கு வேண்டாம், லென்ஸ் மேல மெதுவா ஒரே சுத்து, இன்னொரு காஞ்ச பட்ல துடைங்க. லென்ஸ் மெல்லிய ஸ்பிரிங் மேல மிதக்குது, அழுத்தினா ஸ்பிரிங் வளையும், அது நிமிராது. அசிட்டோன், தின்னர், கண்ணாடி துடைக்கற லிக்விட் எதுவும் வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் பால் மாதிரி வெளுத்துடும்.

மூடியில்லாம ஓட்டிப் பாக்கறப்போ லென்ஸுக்கு நேர மேல இருந்து கண்ணை வைக்காதீங்க. லேசர் 780 நானோமீட்டர், கிட்டத்தட்ட கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். லேசா சிவப்பா தெரியறதால பலவீனமா இருக்குன்னு தோணும், அப்படி நினைச்சு உத்துப் பாக்கக் கூடாது.

பிரஷ் ஒட்டின கிளீனிங் டிஸ்க் விக்கறாங்க. நான் அதைப் போடமாட்டேன். பழைய ஸ்பிரிங்ல பிரஷ் தட்டறது எனக்குச் சரியா படல.

படி 5: ரெயில், பெல்ட், ட்ரே

லேசர் போற ரெயில்ல பழைய கிரீஸ் மெழுகு மாதிரி கெட்டியா இருந்தா ஆல்கஹால் பட்ல முழுசா எடுத்துட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத கிரீஸ் ஒரு மெல்லிய படலம் மட்டும் தடவுங்க. பழசு மேலயே புதுசு போடறது வேலைக்காகாது.

ட்ரே திறக்கலேன்னாலோ, பாதில நின்னாலோ, மூடின உடனே திரும்பத் திறந்தாலோ பெரும்பாலும் பெல்ட்தான். பழைய ரப்பர் இறுகி வழுக்கும், இல்லன்னா உருகி தார் மாதிரி ஒட்டிக்கும். உருகியிருந்தா புல்லியை ஆல்கஹால்ல நல்லா துடைச்சு ஒரு பிசுக்கு இல்லாம பண்ணிட்டுதான் புதுசைப் போடணும். அளவு எடுக்கறப்போ பழைய பெல்ட் நீண்டிருக்கும்ங்கறதை மனசுல வச்சு கொஞ்சம் சின்னதா, அதே தடிமன்ல வாங்குங்க. சாதா ரப்பர் பேண்ட் போட்டா சில வாரம் ஓடும், அப்புறம் அது அறுந்து கியர்ல சுத்திக்கிட்டு இன்னும் வேலை வைக்கும்.

படி 6: கெப்பாசிட்டரும் சால்டரும்

சத்தம் காலத்துக்கும் நிக்கணும்னா முடிவு ஆகறது இங்கதான், பலரும் மிகைப்படுத்தறதும் இங்கதான். வாங்கின கையோட உள்ள இருக்கற கெப்பாசிட்டர் மொத்தத்தையும் பிடுங்கி புதுசு போடற பழக்கம் இருக்கு. அதுக்கு நான் ஆதரவு இல்ல. பழைய போர்டுல காப்பர் டிராக் ஒட்டு விட்டுப்போயிருக்கும், நூறு இடத்துல சூடு காட்டினா சில இடத்துல டிராக் பேந்துட்டு வரும், நல்லா இருந்த பிளேயர் செத்துடும். அறிகுறி இருக்கற இடத்துல மட்டும் மாத்துங்க.

எங்க தேடணும்? பவர் சப்ளை முதல்ல. ரெகுலேட்டர் ஹீட்சிங்க் பக்கத்துல உக்காந்திருக்கற சின்ன எலக்ட்ரோலிட்டிக்தான் சீக்கிரம் காயும், பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் ஆச்சரியமா நல்லாவே இருக்கும். ஹம் வந்தா, டிஸ்ப்ளே மங்கினா, பிளேயர் தானா ரீசெட் ஆனா இங்க பாருங்க. அடுத்தது அவுட்புட் ஸ்டேஜ்ல சிக்னல் வழில இருக்கற கப்ளிங் கெப்பாசிட்டர், இது காஞ்சா பேஸ் மெலியும். இஎஸ்ஆர் மீட்டர் (கெப்பாசிட்டரோட உள் ரெசிஸ்டன்ஸை அளக்கற கருவி) இருந்தா அளந்து பாத்து முடிவு பண்ணலாம். மாத்தறப்போ அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் இல்லன்னா கொஞ்சம் மேல, 105 டிகிரி ரேட்டிங், பிளஸ் மைனஸ் திருப்பி வைக்காம. கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க, போர்டுல இருக்கற குறியீடு எல்லாக் கம்பெனிலயும் ஒரே மாதிரி இருக்காது.

டிடிஏ1541 போட்ட பிளேயர்ல சிப்பைச் சுத்தி வரிசையா 14 குட்டி கெப்பாசிட்டர் இருக்கும். அது சிப்புக்குள்ள கரண்ட்டை சமமாப் பிரிக்கறதுக்கு உதவற பாகம், வழக்கமா ஃபில்ம் வகை, காயாது. காரணம் இல்லாம அதைத் தொட வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 80கள் கடைசி, 90கள் ஆரம்பத்து போர்ட்டபிள் பிளேயர். அதுல இருக்கற சர்ஃபேஸ் மவுண்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒழுகி போர்டையே அரிச்சிடும், சால்டர் அயர்ன் வச்சா மீன் வாடை அடிக்கும். அங்க தாமதிக்காம எல்லாத்தையும் எடுத்துட்டு, ஒழுகினதைக் கழுவி, புதுசு போடறதுதான் சரி.

சால்டர் பாக்கறதுக்கு நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். கால் சுத்தி மெல்லிய வட்டமா விரிசல் தெரியும். ரெகுலேட்டர் கால், கனெக்டர் கால், அவுட்புட் சாக்கெட் கால், இந்த மூணும் முதல்ல. ஆரம்பகால பிலிப்ஸ் போர்டுல மேல் பக்கத்தையும் கீழ் பக்கத்தையும் இணைக்க குட்டி ரிவெட் மாதிரி இருக்கும், வருஷம் ஆக ஆக அது தொடர்பை விடும், வயர் ஒண்ணை ஊடால விட்டு ரெண்டு பக்கமும் சால்டர் பண்ணா நிரந்தரமா சரியாயிடும். அந்த மாடல்கள் "காரணமே இல்லாம" மக்கர் பண்றதுக்கு இது ரொம்ப வழக்கமான காரணம்.

ஒரு சேனல் மட்டும் வந்து வந்து போச்சுன்னா அவுட்புட்ல மியூட் ரிலே இருக்கான்னு பாருங்க. அதோட காண்டாக்ட் கருத்திருக்கும், மாத்திடறதுதான் நல்லது.

படி 7: லேசரை எப்போ மாத்தணும்

லென்ஸ் சுத்தம், ரெயில் சுத்தம், சப்ளை வோல்டேஜ் சரி, அப்பவும் படிக்கலேன்னாதான் லேசர். யூனிட் மேல ஒரு குட்டி பிரீசெட் (ஸ்க்ரூடிரைவரால திருப்பற ரெசிஸ்டர்) இருக்கும், அதைக் கொஞ்சம் திருப்பினா லேசர் பவர் ஏறி திரும்பப் படிக்க ஆரம்பிக்கும்னு சொல்லுவாங்க. சில வாரம் படிக்கும், உண்மைதான். ஆனா ஏற்கனவே களைச்சுப்போன டையோடை இன்னும் விரட்டறோம், அது சீக்கிரம் முழுசா செத்துடும், தவிர பழைய பொசிஷனும் தொலைஞ்சுபோயிடும். சர்வீஸ் மேனுவலும் ஆசிலோஸ்கோப்பும் இல்லாம அதைத் தொடாதீங்க. ஸ்கோப் இருந்தா ஆர்எஃப் சிக்னலை (லேசர் டிஸ்க்ல இருந்து படிச்ச மூல சிக்னல்) பாருங்க, வைரம் வைரமா தெளிவா தெரியற ஐ பேட்டர்ன் வந்துச்சுன்னா லேசர் நல்லா இருக்கு, ஸ்பேர் தேடவே வேண்டாம்.

புது யூனிட் போடறப்போ ஸ்டாட்டிக் பெரிய எதிரி. கைல எர்த் பேண்ட் கட்டிக்கோங்க. நிறைய யூனிட்ல பாதுகாப்புக்காக ஒரு சால்டர் சொட்டு போட்டு டையோடை ஷார்ட் பண்ணி அனுப்புவாங்க, கேபிளைச் சொருகினதுக்கு அப்புறம் அந்தச் சொட்டை எடுக்கணும், எடுக்காம விட்டா லேசர் எரியவே எரியாது.

படி 8: இணைக்கறது

சிடி பிளேயர் அவுட்புட் வழக்கமா உச்சத்துல 2 வோல்ட். ஆம்ப்ளிஃபையர்ல லைன் இன்புட் எதுல வேணாலும் கொடுக்கலாம், ஃபோனோல (ரெக்கார்ட் பிளேயருக்கான இன்புட்) மட்டும் கூடாது, கர்ணகொடூரமா கேக்கும். ஆம்ப்ளிஃபையர் தலைமேல பிளேயரை வைக்காதீங்க, அந்தச் சூடுதான் படி 6ல பாத்த கெப்பாசிட்டரைக் காய வைக்கறது.

அனலாக் பக்கம் சரி பண்ண முடியாத பிளேயர்ல கோ-ஆக்ஸியலோ ஆப்டிகலோ டிஜிட்டல் அவுட் இருந்தா வெளி டாக் ஒண்ணு போட்டு, பிளேயரை டிஸ்க் படிக்கறதுக்கு மட்டும் (டிரான்ஸ்போர்ட்டா) ஓட்டலாம். ஆனா அப்போ நீங்க கேக்கறது வெளி டாக்கோட சத்தம், பிளேயரோட குணம் அதுல வராது. பழைய சத்தம்தான் வேணும்னா பிளேயரோட சொந்த அவுட்புட்லயே கேளுங்க.

படி 9: நேர்மையா ஒப்பிட்டுக் கேக்கறது

பழசு நல்லாயிருக்கா புதுசு நல்லாயிருக்கான்னு பாக்கறப்போ முதல்ல லெவலைச் சமமாக்கணும். கொஞ்சம் சத்தமா இருக்கறது எப்பவுமே "தெளிவா" கேக்கும். ஒரு பிளேயர் 2 வோல்ட், இன்னொண்ணு 2.2 வோல்ட் கொடுத்தா கிட்டத்தட்ட 0.8 டெசிபல் வித்தியாசம், அதுவே தீர்ப்பை மாத்திடும். 400 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓட்டி ஸ்பீக்கர் டெர்மினல்ல மல்டிமீட்டரை ஏசில வச்சு அளங்க, வோல்டேஜ் ஒரு சதவீதத்துக்குள்ள வந்தா வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள்ள வந்துடும், அது போதும். எந்த பிளேயர் ஓடுதுன்னு தெரியாம இன்னொருத்தரை மாத்தச் சொல்லிக் கேட்டா இன்னும் நல்லது.

ரெண்டாவது, அதே டிஸ்க்கையே ரெண்டுலயும் போடணும். 80கள்ல வந்த டிஸ்க்கும் பின்னாடி ரீமாஸ்டர் பண்ணி வந்ததும் ஒரே பாட்டா இருந்தாலும் வேற வேற. ரீமாஸ்டர் பலதுல சத்தத்தை உச்சிக்கு ஏத்தி, மெல்லிய இடத்துக்கும் பலமான இடத்துக்கும் இருந்த இடைவெளியை நசுக்கியிருப்பாங்க. பழைய பிளேயரைப் பாராட்டறோம்னு நினைச்சுக்கிட்டு நிறைய நேரம் பழைய மாஸ்டரிங்கைத்தான் பாராட்டிட்டு இருக்கோம்.

மூணாவது விஷயம் பலருக்குத் தெரியாது. ஆரம்பகால டிஸ்க் சிலதுல ப்ரீ-எம்ஃபசிஸ்னு ஒண்ணு இருக்கும், பதிவு பண்றப்போவே மேல் ஸ்தாயியைத் தூக்கி வச்சிருப்பாங்க, கூடவே ஒரு அடையாளமும் டிஸ்க்ல இருக்கும், பிளேயர் அதைப் பாத்துட்டு திரும்ப இறக்கணும். பழைய பிளேயர் இதைத் தானாப் பண்ணும். கம்ப்யூட்டர்ல ரிப் பண்றப்போ நிறைய சாஃப்ட்வேர் இதைக் கண்டுக்கறதில்ல, அதனால ஃபைல் கீச்சுனு கேக்கும். உங்க பழைய டிஸ்க் பிளேயர்ல இதமாவும் ரிப்ல கூர்மையாவும் கேட்டா, முதல்ல இதைச் சந்தேகப்படுங்க. ட்ராக் பட்டியல்ல அந்த அடையாளம் இல்லாம சப்கோடுல (பாட்டோட கூடவே ஓடற துணைத் தகவல்) மட்டும் இருக்கற டிஸ்க்கும் உண்டு, அதனால ரெண்டையும் படிக்கற சாஃப்ட்வேரா பாத்து எடுங்க.

தொடர்ந்து பாத்துக்கறது

மாசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது ஓட்டுங்க, வருஷக்கணக்கா சும்மா கிடக்கற பிளேயர்ல கிரீஸ் இறுகும், பெல்ட் ஒரே இடத்துல மடிஞ்சு நிக்கும். ட்ரேயைத் திறந்தே விட்டுட்டுப் போகாதீங்க, ட்ரேயைக் கையால தள்ளாதீங்க, பட்டனை அமுக்குங்க. பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டின டிஸ்க் போடாதீங்க, எடை ஒரு பக்கமா இழுத்து டிஸ்க் நடுங்கும், சூட்டுல உரிஞ்சு உள்ள மாட்டவும் மாட்டும். டிஸ்க்கைத் துடைக்கறப்போ நடுவுல இருந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா துடைச்சா விழற கீறல் டிராக்கோட கூடவே ஓடும், எரர் கரெக்‌ஷனால குறுக்குக் கீறலைச் சுலபமாச் சமாளிக்க முடியும், கூடவே ஓடற கீறல்ல திணறும். லென்ஸை வருஷா வருஷம் துடைக்கணும்னு இல்ல, தாவ ஆரம்பிச்சா மட்டும் போதும். நல்லா பாடற பிளேயரைத் திறக்காதீங்க.